ஒரு விரல்... பதினோரு பேர்!

"அடி ஆத்தீ...!"

புதுவயல் அரிசி மில்லின் பாய்லர் இரைச்சலையும் மீறிக் கேட்டது அந்த அலறல்.

காலை ஏழு மணி.

அலறியது நாகவல்லி. நெல் ஊற வைக்கும் சிமெண்ட் தொட்டியில் கட்டையை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். கட்டையில் ஏதோ தட்டியது. சாக்குதான் உள்ளே விழுந்து கிடக்கிறது என்று நினைத்து இழுத்தாள்.

சாக்கு இல்லை!

வெள்ளைச் சட்டை. சட்டைக்குள் ஒரு கை. கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த வாட்ச்...

"நேத்து வந்தாகளே... அந்த சாரு! ஐயோ, அந்த சாரு!"

ஆமாம், அந்த சாரேதான். பெயர் சேவுகப்பெருமாள். அரசாங்கப் பதிவுகளில் தில்லுமுல்லு இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ச் சோதிக்கிற அதிகாரி. முந்தின நாள் மத்தியானம் இதே மில் களத்தில், இதே நாகவல்லியிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனவர். இப்போது பின்மண்டை பிளந்து, நெல்லோடு நெல்லாக ஊறிக்கொண்டிருந்தார்.

தொட்டியின் விளிம்பில் அவருடைய டேப்லெட் இருந்தது. அதன் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரே ஒரு கைரேகை.

பதினோரு மணிக்கு அந்த ரேகை 'ஊர்மேகத்து'க்குப் போனது.

ஊர்மேகம் தெரியாதா உங்களுக்கு? ரேஷன், வோட்டு, பட்டா, ஆஸ்பத்திரி, கரண்ட் பில்... அத்தனை இலாகாவும் தனித்தனியாகப் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் அரசாங்கம் ஒன்றாக அள்ளிக் கொட்டியிருக்கும் மின்மேகம். ஒரு விரலைக் கொடுத்தால் போதும். ஆளின் ஜாதகத்தையே கக்கிவிடும்.

பதினொன்று ஏழுக்குக் கக்கியது.

'நாகவல்லி. வயது 38. விதவை. நெல் அவிக்கும் தொழிலாளி, புதுவயல்.'

பிணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவளையே போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள்!

*

"ஏத்தா, எதுக்குக் கொன்ன?"

இன்ஸ்பெக்டர் மருதுபாண்டி டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

"ஐயா... எம் புள்ள சத்தியமா நான் அந்தப் பொட்டியத் தொடக்கூட இல்லைங்கய்யா!"

"தொட்டேன்னு மேகம் சொல்லுதே."

"மேகமா? மேகம் மேல இருந்து பாத்துச்சாங்கய்யா?"

ஓரமாக நின்றிருந்த பெண் போலீஸ் மீனம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அடக்கவில்லை. சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"நேத்து மத்தியானம் அந்த ஆபீசர் கால்ல விழுந்து 'எங்க வயித்துல அடிச்சுராதீக'ன்னு அழுதிருக்க. களத்துல நாப்பது பேரு பாத்திருக்காங்க. இல்லைங்கிறியா?"

நாகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அழுதேங்கய்யா."

"என்ன கேட்டாரு?"

"எம் விரலப் பத்திக் கேட்டாக..."

"என்னன்னு?"

எப்படிச் சொல்வாள்? சொன்னால் ஒரு தெருவே பட்டினி கிடக்கும்.

"மூணு மணிக்கு உன்னைய காரைக்குடி கோர்ட்டுல நிறுத்தப் போறேன். அதுக்குள்ள வாயத் தொறந்தா உனக்கு நல்லது."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

ஸ்டேஷன் வாசலில், வேப்பமரத்தடியில், பள்ளிக்கூட யூனிபார்மோடு சுபலட்சுமி நின்றிருந்தாள். ஒரே மகள். பத்தாவது படிக்கிறாள். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவும் உள்ளே போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு எந்த வாசல் இருக்கிறது? ஒரு வாசலும் இல்லை. நாகவல்லி இன்ஸ்பெக்டர் முன்னால் பத்து விரலையும் விரித்து நீட்டினாள்.

"ஐயா! எங் கைய வச்சுப் பாருங்கய்யா! அந்த ரேகையும் எம் ரேகையும் ஒண்ணான்னு நேருக்கு நேரு பாத்துருங்க!"

"இது நியாயம்." மருதுபாண்டி தலையாட்டினார். "நம்ம மிஷின் ரிப்பேரு. மீனம்மா, அந்த மையத்துப் பையன வரச் சொல்லு."

*

மையத்துப் பையன் மாயக்கண்ணன், பத்தே நிமிஷத்தில் ரேகை மிஷினோடு வந்து நின்றான். சாக்கோட்டை ரோட்டில் மக்கள் சேவை மையம் நடத்துகிறவன். முப்பது வயது. நெற்றியில் திருநீறு. வாயைத் திறந்தால் 'அக்கா', 'அண்ணே'தான்.

"அக்கா... ஒங்களுக்கா இந்தக் கெதி! விரல வைங்கக்கா."

வைத்தாள்.

'விரலைச் சரியாக வைக்கவும்' என்றது மிஷினுக்குள் இருந்த பெண்குரல்.

அடுத்த விரல்.

'விரலைச் சரியாக வைக்கவும்.'

பத்து விரலுக்கும் பத்துத் தடவை அதையே சொன்னது. மீனம்மாள் மைப்பெட்டியைக் கொண்டுவந்து தாளில் அழுத்திப் பார்த்தாள். பத்தும் கருப்புக் கறைதான். ஒரு கோடுகூட விழவில்லை!

விழுமா? பதினெட்டு வருஷமாகக் கொதிக்கக் கொதிக்க நெல்லை அள்ளிய கை. களத்தில் உமியும் சொரசொரப்புமாகத் தேய்ந்த கை. ரேகையெல்லாம் என்றைக்கோ ராவிப் போயிருந்தது. புதுவயலில் நெல் அவிக்கிற எந்தப் பொம்பளையின் கையைப் புரட்டினாலும் இதே கதைதான்.

ஆனால் மருதுபாண்டி வேறு மாதிரிப் படித்தார்.

"மேகத்துல உம் பேருல ரேகை பளிச்சுன்னு இருக்கு. இன்னிக்குக் கையில ஒரு கோடும் இல்ல. கொன்னுட்டு ராவோட ராவா கல்லுல தேச்சு அழிச்சியாக்கும்?"

"ஐயோ... இல்லைங்கய்யா!"

"தடயத்த அழிச்சதுக்குத் தனி செக்‌ஷன் போடுறேன் இரு."

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது!

இன்ஸ்பெக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மீனம்மாள் தண்ணீர் மொள்ளத் திரும்பினாள். அந்த இடைவெளியில் மாயக்கண்ணன் குனிந்தான். குரல் காதோடு வந்தது.

"அக்கா, ரப்பர் விரலப் பத்தி மூச்சு விட்டுறாதீக. விட்டீகன்னா பத்து வீட்டுக்கும் அரிசி போச்சு. பத்துப் பேரும் ஜெயிலுக்குப் போகணும்."

"தம்பி... அந்த விரல் இப்ப எங்கிட்டு இருக்கு?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எரிச்சுட்டேன்க்கா. அடுப்புல போட்டுட்டேன். நீங்க ஒத்துக்கிட்டா தண்டனை கம்மியாகும். சுபா புள்ளைய நான் பாத்துக்கிறேன்."

நாகவல்லி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

ரெண்டு மாசமா?

போன அஞ்சாந்தேதி... அதாவது ஒன்பது நாளைக்கு முன்பு, அவன் கடையில் அந்த விரலைக் கையில் வாங்கி, சாயந்தரமே அவனிடம் திருப்பிக் கொடுத்தவளே அவள்தான்!

ஏன் இவன் பொய் சொல்கிறான்? யாரிடம் பொய் சொல்கிறான்? எனக்குத் தெரியும் என்று தெரிந்தே சொல்கிறானே... பயமுறுத்துகிறான்!

*

இரண்டு மணி. ஜீப் உறுமியது.

"ஏறு."

"ஐயா, சொல்லிப்புடுறேன்!"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"மேகத்துல எம் பேருல இருக்கிற ரேகை எம் ரேகை இல்லைங்கய்யா. மலையம்மா அக்காவோடது!"

"யாரு அது?"

"எங்க மில்லுல கூட்டிப் பெருக்குனவுக. நெல்லுல கை வைக்காததால அவுக ரேகை மட்டும் அழியல. நாலு வருசத்துக்கு முன்னாடி மில்லுல முகாம் போட்டு ரேகை பதிஞ்சாக. எங்க பத்துப் பேருக்கும் ஒரு விரல்கூட விழுகல. பதியலேன்னா ரேஷன் கார்டு ரத்துன்னாக. மலையம்மா அக்காதான் 'அட, எம் விரல வச்சுக்கங்கடி'ன்னு எங்களுக்கெல்லாம் வச்சுக் குடுத்தாக. அவுகளோட சேத்துப் பதினோரு பேரு. மாசாமாசம் அஞ்சாந்தேதி ரேஷன் கடைக்கு எங்களோட வந்து ஒவ்வொருத்திக்கும் விரல் வப்பாக. கடைக்காரருக்கும் தெரியும். பாவப்பட்டு விட்டுட்டாரு."

மருதுபாண்டி கண்ணைச் சுருக்கினார்.

"அப்ப கொலை பண்ணது மலையம்மா. சரி, எங்க இருக்கா? தூக்கிட்டு வரச் சொல்றேன்."

நாகவல்லி அழ ஆரம்பித்தாள்.

"செத்துப் போயிட்டாகய்யா. தை மாசம். மஞ்சக் காமாலை."

மருதுபாண்டி இடுப்பில் கை வைத்தார்.

"செத்துப் போனவ எந்திரிச்சு வந்து, ஆபீசரைப் போட்டுட்டு, டேப்லெட்ல விரல வச்சுட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கிட்டா! இதைத்தான் நான் ஜட்ஜு ஐயாகிட்ட சொல்லணுமா?"

"சாகுறதுக்கு மொத நாள் அக்கா எங்களக் கூப்புட்டு, 'நான் போனாலும் எம் விரல் உங்களுக்குச் சோறு போடணும்டி'ன்னு சொல்லி மெழுகுல விரல அமுக்கிக் குடுத்தாகய்யா. அந்த அச்சுல ரப்பர் ஊத்தி ஒரு விரல் செஞ்சாக. அந்த விரல வச்சுத்தான் இப்ப எங்களுக்கு அரிசி வருது. தப்புத்தேன். அதுக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க. ஆனா நான் கொல்லலை சாமி!"

"ரப்பர் விரலச் செஞ்சது யாரு?"

நாகவல்லியின் கை உயர்ந்தது.

"இந்தா நிக்கிறாரே... இந்தத் தம்பி. எங்களுக்குப் பதிஞ்சு குடுத்ததும் இவருதான்!"

மாயக்கண்ணன் பதறவில்லை. வருத்தமாகச் சிரித்தான்!

"சார், அக்கா பாவம், மனசு ஒடஞ்சு போயி என்னென்னமோ பேசுறாக. ரப்பர் விரலா? என் மையத்தையும் வீட்டையும் இப்பவே சோதனை போட்டுக்கங்க சார். சாவிய வச்சுக்கங்க."

சாவிக்கொத்தை மேஜையில் வைத்தான். அத்தனை தைரியமாக ஒருவன் சாவியைக் கொடுத்தால், அங்கே ஒன்றும் கிடைக்காது என்று அர்த்தம்.

"ஜீப்புல ஏத்துங்க அவளை."

மீனம்மாள் அவள் தோளைத் தொட்டாள். கொஞ்சம் தயக்கமாகத்தான் தொட்டாள். வாசலில் சுபலட்சுமி "அம்மா!" என்று கத்தினாள்.

அப்போது...

ட்ரிங்... ட்ரிங்...!

மேஜை மேல் இருந்த போன்.

"சார், மாவட்டத் தரவுப் பிரிவுலேருந்து தேவிகா பேசறேன். காலைல ரேகை ரிப்போர்ட் அனுப்பினது நான்தான். கோர்ட்டுக்குச் சான்றிதழ் போடணும், கேஸ் நம்பர் சொல்றீங்களா?"

இன்ஸ்பெக்டர் நம்பரைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நாகவல்லி திமிறினாள். மீனம்மாளின் பிடி நழுவியது... நழுவியதா, நழுவ விட்டாளா? அது மீனம்மாளுக்கே வெளிச்சம். ஒரே பாய்ச்சலில் மேஜையில் போய் விழுந்தாள் நாகவல்லி.

"தாயி! நீயாத்தா மேகத்துல பாத்த புள்ள? அந்த விரலுக்கு எம் பேரு மட்டுந்தானா வந்துச்சு? வேற பேரு வரலையா? நல்லாப் பாரு தாயி! எம் புள்ள நடுத்தெருவுல நிக்குதுத்தா!"

"ஏய்! தூக்குங்கய்யா இவளை!"

"சார், ஒரு நிமிஷம்." போனில் தேவிகாவின் குரல் மாறியிருந்தது. "அவங்க என்ன சொல்றாங்க?"

"ஒரே விரலைப் பதினோரு பேருக்குப் பதிஞ்சிருக்காம்மா. அம்புலிமாமா கதை விடுறா."

"சார்... முதல் பொருத்தம் கிடைச்சதும் தேடல் நின்னுடும். சீக்கிரம் முடியணும்னு அப்படி வச்சிருக்கோம். முதல்ல பதிஞ்ச பேர்தான் வரும். மீதியை நான் பார்க்கல."

"என்னம்மா சொல்ற? பாக்கலையா?"

"ஒரு விரல் ரெண்டு பேருக்குப் பதியாம இருக்க ஒரு பூட்டு இருக்கு சார். அந்த நம்பிக்கைலதான்... பத்து நிமிஷம் கொடுங்க. கடைசி வரைக்கும் தேடிடறேன். தப்பா இருந்தா அது என் தப்பு சார். ப்ளீஸ்!"

மருதுபாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பதினைந்து. காரைக்குடிக்கு இருபது நிமிஷம்.

"பத்தே நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷமும் நாகவல்லி குலதெய்வத்தைக் கூப்பிடவில்லை. மலையம்மாளைத்தான் கூப்பிட்டாள். 'அக்கா, நீ குடுத்த விரலு சோறு போட்டுச்சு, இப்ப கழுத்த நெரிக்குதே... காப்பாத்துக்கா!'

மாயக்கண்ணன் மிஷினைப் பைக்குள் வைத்தான். ஜிப்பை இழுத்தான்.

"சார், மையத்துல கூட்டம் நிக்கும். நான் கெளம்பட்டுமா?"

"இரு தம்பி. சாவிய வேற குடுத்திருக்கியே, என்ன அவசரம்?"

ட்ரிங்...!

மருதுபாண்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"சார்..." தேவிகாவுக்கு மூச்சு வாங்கியது. "பதினோரு பேர் சார்! நாகவல்லியோட சேர்த்துப் பத்துப் பேர் நெல் அவிக்கிறவங்க. பதினோராவது மலையம்மாள். ஜனவரில இறப்புப் பதிவாகியிருக்கு. பதினோரு பேருக்கும் ஒரே விரல். முகாம்ல நெட் மெதுவா இருக்குன்னு அன்னிக்கு அந்தப் பூட்டைத் திறந்து விட்டிருக்காங்க. பதிஞ்ச ஆபரேட்டர்... மாயக்கண்ணன்!"

"அப்ப நான் பத்துப் பேரையும் ரிமாண்ட் பண்ணணுமா? வேன்ல எடம் பத்தாதேம்மா!"

மாயக்கண்ணன் கையைக் கூப்பினான்.

"சார், உண்மைதான் சார். ஏழைபாழைங்க, பாவம்னு பதிஞ்சு குடுத்தேன். அந்த ரப்பர் விரலும் நான் செஞ்சதுதான். வேலை போயிருமேன்னு மறைச்சேன். ஆனா அதை ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எரிச்சுட்டேன் சார். அதுக்கப்புறம் இந்தப் பொம்பளைங்க வேற செஞ்சு வச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

பழி மறுபடி சுற்றிக்கொண்டு நாகவல்லியின் காலடிக்கே வந்துவிட்டது!

"பொய்யி! போன அஞ்சாந்தேதி எங் கையில குடுத்தியே தம்பி..."

"சாட்சி இருக்காக்கா?"

இல்லை. மீதி ஒன்பது பேரும் பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். நாகவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். முடிந்தது.

"சாட்சி இருக்கு சார்."

சொன்னது போன்!

"சேவுகப்பெருமாள் சாரோட குறிப்பைத் திறந்து பார்த்தேன். 'இந்த விரல் அஞ்சு மாசமா ஒரே கோணத்துல, ஒரே அழுத்தத்துல விழுது. மனுஷ விரல் அப்படி விழாது'ன்னு எழுதியிருக்கார். அதைப் பிடிச்சுத்தான் புதுவயலுக்கு வந்திருக்கார். அதனால நானும் அந்த விரல் ஊர்மேகத்துல எங்கெங்க பட்டிருக்குன்னு எடுத்தேன். கடைசியா எப்பத் தெரியுமா? நேத்து. சாயந்தரம் நாலு பன்னெண்டு!"

"எங்க?"

"சாக்கோட்டை ரோடு சேவை மையத்துல. கார்டு நம்பர் மறந்தவங்களுக்காக விரல் வச்சுப் பேரைத் தேடற வசதி இருக்கு சார். அதுல யாரோ இந்த விரலை வச்சு, 'இது யார்?'னு தேடியிருக்காங்க. 'நாகவல்லி'ன்னு வந்திருக்கு. நாலு இருபதுக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல அதை அழிச்சிருக்காங்க. அங்க அழிச்சா இங்க அழியாது. இந்த மேகத்தை யார் தொட்டாலும் தொட்டது நிக்கும். அப்படித் திறந்துதான் கட்டியிருக்கோம்."

மருதுபாண்டி மெதுவாக எழுந்தார்.

ஆபீசர் களத்தை விட்டுப் போனது மூன்று மணி. கொலை நடந்தது ராத்திரி ஏழு மணிவாக்கில். நடுவே நாலு பன்னிரண்டுக்கு ஒருவன் ரப்பர் விரலை வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறான்... இந்த விரலைப் பதித்தால் போலீஸ் யாரைப் பிடிக்கும் என்று!

"எ... என் பாஸ்வேர்டு கடையில எல்லாருக்கும் தெரியும் சார்!" மாயக்கண்ணனின் திருநீறு வியர்வையில் வழிந்தது. "எவனாச்சும் உள்ள வந்து..."

"பாஸ்வேர்டு மட்டும் போதாது சார்," என்றாள் தேவிகா. "திறக்கறப்ப ஆபரேட்டர் தன்னோட கண்ணைக் கேமராவுல காட்டணும். நாலு பத்துக்குக் காட்டியிருக்கார். கண்ணுக்கு ரப்பர் கிடையாது."

மாயக்கண்ணன் வாசலைப் பார்த்தான்.

வாசலில் மீனம்மாள் நின்றாள். இரண்டு கையையும் நிலையில் ஊன்றி, அகலமாக!

"ஆபீசர் உங்கிட்டயும் வந்து விசாரிச்சாரு. இல்லையா?" மருதுபாண்டி அவன் தோளில் கை போட்டார். "பொம்பளைங்களத் தண்டிக்க மாட்டேன், பதிஞ்சவனைத்தான் தண்டிப்பேன்னு சொல்லியிருப்பாரு. நீயும், 'மில்லுக்கு வாங்க சார், விரலக் காட்டுறேன்'னு கூப்புட்டிருப்ப. உன் போனையும் அவரு போனையும் வச்சுப் பாத்தா அதுவும் தெரிஞ்சு போகும்."

பையைத் தட்டிக் கவிழ்த்தார். ரேகை மிஷின் விழுந்தது. வயர் விழுந்தது. கூடவே ஒரு மாத்திரை டப்பா உருண்டு போய் நாகவல்லியின் காலடியில் திறந்துகொண்டது.

பஞ்சுக்குள்... ஒரு விரல்!

சாவியைத் தைரியமாகக் கொடுத்தவன், யாருக்கும் சோதனை போடத் தோன்றாத ஒரே இடத்தில் அதை வைத்திருந்தான். போலீஸே அழைத்து உள்ளே விட்ட பையில்!

"அக்கா..." என்று அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் நாகவல்லி. அவள் அழுத அழுகையில் மீனம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது. சுபலட்சுமி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"தாயி..." நாகவல்லி போனைப் பார்த்துக் கேட்டாள். "இனி எங்களுக்கு அரிசி?"

"உங்க பத்துப் பேருக்கும் கண்ணை வச்சுப் பதிஞ்சு தரோம்க்கா. முதல்லயே அதைச் செஞ்சிருக்கணும். நானே வர்றேன்."

மருதுபாண்டி நாற்காலியை இழுத்து மாயக்கண்ணனை அதில் உட்கார வைத்தார். வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"சொல்லு தம்பி. மொதல்லருந்து ஆரம்பி."

மாயக்கண்ணன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். ஒரு சொல்கூட வரவில்லை.

மீனம்மாள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன தம்பி... சர்வர் டவுனா?"